பி.டி. டீச்சரும் மேகி அல்ஃபோன்சியும்

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. நலம் விசாரித்து முடித்ததும், "சார், பத்தாம் வகுப்புக்கு என் பீரியடை எல்லாம் கணக்கு டீச்சரே எடுத்துக்கிறாங்க. நான் டைம்டேபிள்ல மட்டும்தான் சார் இருக்கேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் பத்தாவது படித்தபோது அவளுடைய பி.டி. பீரியடை எடுத்துக்கொண்ட கணக்கு வாத்தியார் நான்தான். அவள் அதை மறந்துவிட்டுச் சொன்னாளா, மறக்காமல் சொன்னாளா என்று தெரியவில்லை. எதையோ சொல்லிச் சமாளித்து போனை வைத்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

2025 செப்டம்பரில் பேரனோடு உட்கார்ந்து மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்து 33, கனடா 13. அரங்கில் 81,885 பேர். பெண்கள் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம் எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் போனபோது கிடைத்தவர் மேகி அல்ஃபோன்சி. அவரைத் தேடியபோது கிடைத்தவர் அவருடைய பி.டி. டீச்சர்.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர், 80 நிமிடம். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் தட்டுவதானால் பின்பக்கம் இருப்பவருக்குத்தான் தட்ட வேண்டும், முன்பக்கம் கூடாது. பந்தோடு ஓடுபவரைக் கபடியில் பிடிப்பதுபோல் இடுப்பிலோ காலிலோ கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். இப்போது 5 புள்ளி. 1992 வரை 4 புள்ளி. இந்த 4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பெண்கள் இதை ஆடுவது புதிது இல்லை. அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் ஊர்ப் பள்ளி மைதானத்தில், 1887 வாக்கில் எமிலி வேலன்டைன் என்ற 10 வயதுச் சிறுமி அண்ணன்மாரோடு சேர்ந்து ஆடி ஒரு ட்ரையும் போட்டிருக்கிறாள். முதல் உலகப் போர் நடந்த 1917-இல், ஆண்கள் போர்முனையில் இருந்த நேரத்தில், வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பெண்களும் நியூபோர்ட் பெண்களும் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ஆடினார்கள். அன்று கார்டிஃப் அணியின் கடைசிக் காவலாக நின்ற மரியா ஈலி 106 வயது வரை வாழ்ந்தார். போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் ரக்பி நின்றுபோனது. மறுபடி பெண்கள் முறையாக அணி சேர்ந்து ஆடப் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

மறுபடி தொடங்கிய இடம் கல்லூரிகள். இங்கிலாந்தில் லஃப்பரோ என்று ஓர் ஊர். விளையாட்டுக்குப் பேர்போன பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. ஜிம் கிரீன்வுட் அங்கே ஆசிரியர். ஸ்காட்லாந்து அணிக்கு ஆடியவர். 1955-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா போய் வந்தவர். ரக்பி பயிற்சி பற்றி அவர் எழுதிய 'டோட்டல் ரக்பி' புத்தகத்தை உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் படித்தார்கள். இவ்வளவு பெரிய மனிதர், 1980-களில் ரக்பி ஆட ஆசைப்பட்டு வந்த மாணவிகளை "போங்கம்மா" என்று விரட்டவில்லை. ஆண்களுக்குச் சொல்லிக் கொடுத்ததையே அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவிகளில் ஒருவர் வேல்ஸ் நாட்டுப் பெண்ணான லிசா பர்ஜஸ்.

1986-இல் லண்டன் ரிச்மண்டில் கிரேட் பிரிட்டன் பெண்கள் அணி முதல் முறையாக பிரான்சோடு ஆடியபோது அந்த அணியில் லிசா இருந்தார். பிரான்ஸ் 14, பிரிட்டன் 8. அடுத்த வருடம், 1987 ஏப்ரலில், வேல்ஸும் இங்கிலாந்தும் தனித்தனி அணிகளாக முதல் முறையாக மோதின. இடம் பான்ட்டிபூல் பூங்கா. இங்கிலாந்து 22, வேல்ஸ் 4. கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன்: அன்றைய விதிப்படி பெனால்டி உதைக்கு 3, ட்ரைக்கு 4. ஆகவே வேல்ஸ் போட்டது ஒரே ஒரு ட்ரை. வேறு எப்படிக் கூட்டினாலும் 4 வராது. அந்த ஒரு ட்ரை அணியிலும் லிசா இருந்தார். அதோடு விட்டுவிடவில்லை. 2007 வரை வேல்ஸுக்கு 87 ஆட்டம் ஆடினார். அதில் 62 ஆட்டங்களுக்குக் கேப்டன்.

ஒரு ஆட்டத்துக்கும் சம்பளம் இல்லை. முதல் உலகக் கோப்பை 1991 ஏப்ரலில் வேல்ஸில்தான் நடந்தது. நடத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நான்கு பெண்கள்: டெபரா கிரிஃபின், சூ டாரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி ஃபோர்சைத். சர்வதேச ரக்பி சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. பெரிய விளம்பரதாரர் யாரும் கைகொடுக்கவில்லை. 12 அணிகள் வந்தன. சோவியத் யூனியன் அணி கையில் காசு இல்லாமல், செலவுக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வோட்காவும் மீன் முட்டையும் பொம்மைகளும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியது. சுங்க அதிகாரிகள் விசாரிக்க வந்துவிட்டார்கள். இறுதியில் அமெரிக்கா இங்கிலாந்தை 19-6 என்று வென்றது. வேல்ஸ் அணியின் கேப்டன் லிசா பர்ஜஸ். போட்டி முடிந்தது, மற்ற எல்லாரையும்போல அவரும் தன் வேலைக்குத் திரும்பினார். அவர் வேலை, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

வடக்கு லண்டனில் எட்மண்டன் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பள்ளியில்தான் அவர் பி.டி. டீச்சர். அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள் ஒரு பெண்: மார்கரெட் அல்ஃபோன்சி, சுருக்கமாக மேகி. பிறந்தது 1983 டிசம்பரில், லண்டன் லூயிஷமில். நைஜீரிய வம்சம். அப்பா கூட இல்லை. அம்மா தனியாக வளர்த்தார். நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரியான கவுன்சில் குடியிருப்பில் வீடு. சின்ன வயதில் வம்பு தும்புக்கும் குறைச்சல் இல்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. அவர் பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வளைபாதம் என்று சொல்வார்கள். குழந்தைப் பருவத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். பாதத்தை நேராக்கிவிடலாம், ஆனால் அந்தக் காலின் ஆடுசதை பெரும்பாலும் சிறுத்தே இருக்கும், கணுக்கால் முழுசாக மடங்காது. ஓடுகிறவர்களுக்கு இது தினம் தினம் தொந்தரவு.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். என் வகுப்பிலும் அப்படிக் காலோடு ஒரு பெண் படித்தாள். பெயர் வேண்டாம். விளையாட்டு விழா ஒத்திகை நடந்த நாட்களில் நான் அவளைக் கூப்பிட்டு, "நீ வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதம்மா, வெயில்ல நிக்க வேண்டாம்" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மூன்று வருடம் அவள் ஸ்கோர் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு முறையாவது "உனக்கு ஓடணும்னு ஆசை இருக்கா?" என்று நானும் கேட்கவில்லை, ட்ரில் மாஸ்டரும் கேட்கவில்லை. இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலேயே பிறந்த சில வாரத்தில் மாவுக்கட்டு போட்டுப் பாதத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அன்று எத்தனையோ பிள்ளைகள் மரத்தடியிலேயே இருந்துவிட்டார்கள்.

லிசா டீச்சர் மேகியை மரத்தடியில் உட்கார வைக்கவில்லை. 14 வயதில் அவரை ரக்பி பக்கம் திருப்பிவிட்டார், தான் ஆடிய சாரசென்ஸ் கிளப்புக்கே. மேகியிடம் வேகம் இருந்தது, உடம்பில் பலம் இருந்தது, கோபமும் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு தெருவில் என்ன செய்ய முடியும்? மைதானத்தில் அதற்கு ஒரு வேலை உண்டு, விதிமுறையும் உண்டு.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மேகியின் பெருமையே அதில்தான் இருக்கிறது. அவர் ஆடியது 7-ஆம் எண் இடம். பந்தோடு ஓடுபவரைச் சாய்த்துவிட்டால், சாய்ந்தவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். அப்போது யார் முதலில் ஓடி வந்து, தரையில் விழாமல் தன் காலில் நின்றபடி குனிந்து பந்தைப் பற்றுகிறாரோ, அவருக்குத்தான் வாய்ப்பு. அதற்குள் எதிரணியின் ஆட்கள் வந்து அவரை முட்டித் தள்ளுவார்கள். இரண்டு மூன்று நொடிதான். இதை ஓர் ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செய்வதற்கென்றே இருப்பவர் 7-ஆம் எண். சாய்ப்பதும் அவர், எழுந்து ஓடுவதும் அவர், அடுத்த இடத்தில் குனிவதும் அவர். கபடியில் கால் பிடிப்பவரே அடுத்த நொடி ரெய்டும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட புரியும். கணுக்கால் முழுசாக மடங்காத ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். அவருடைய பட்டப்பெயர் 'மேகி தி மெஷின்'.

2003-இல் இங்கிலாந்து அணியில் சேர்ந்தார். 2006 முதல் 2012 வரை இங்கிலாந்து ஆறு நாடுகள் கோப்பையைத் தொடர்ந்து 7 முறை வென்றது. 2006-இல் சர்வதேச ரக்பி சங்கம் அந்த ஆண்டின் சிறந்த மகளிர் ரக்பியாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது. இதெல்லாம் வரிசையாக எழுதினால் வெற்றிப் பட்டியல் மாதிரி இருக்கிறது. ஆனால் அவருடைய கதையில் என்னைப் பிடித்து வைத்தது தோல்விகள்தான்.

2006 உலகக் கோப்பை கனடாவில். இறுதி ஆட்டம் நடந்த ஊரின் பெயர், வேடிக்கையைப் பாருங்கள், எட்மண்டன். வடக்கு லண்டன் எட்மண்டன் பெண், கனடா எட்மண்டனில் நியூசிலாந்தோடு ஆடினாள். நியூசிலாந்து 25, இங்கிலாந்து 17.

நியூசிலாந்துப் பெண்கள் அணியின் பெயர் பிளாக் ஃபெர்ன்ஸ். 1998, 2002, 2006 என்று தொடர்ந்து கோப்பை அவர்களிடம்தான். 2002 இறுதியிலும் தோற்றது இங்கிலாந்துதான். 2009 நவம்பரில் ட்விக்கனத்தில் இங்கிலாந்து அவர்களை 10-3 என்று சாய்த்தது. அன்று மேகி ஆடிய ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். அடுத்த வருடம் உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே. சொந்த மண், சொந்தக் கூட்டம், போன வருடம் வென்ற தெம்பு. 2010 செப்டம்பர் 5, ட்விக்கனம் ஸ்டூப் மைதானம், 13,000 பேருக்கு மேல். மஞ்சள் அட்டை வாங்கி ஆட்கள் வெளியே போனதால் நியூசிலாந்து ஆள் குறைந்து நின்ற நேரங்கள் இருந்தன. அப்போதும் இங்கிலாந்தால் கோட்டைத் தாண்டிப் பிரிந்து போக முடியவில்லை. 10-10 என்று சமமாக இருந்தபோது கெல்லி பிரேசியர் ஒரு பெனால்டியை உதைத்து உள்ளே போட்டார். 13-10. மூன்றே புள்ளி.

அந்த வருடத்துக்காக ரக்பி எழுத்தாளர்கள் சங்கம் மேகிக்கு பேட் மார்ஷல் விருதைக் கொடுத்தது. அதுவரை ஆண்களுக்கு மட்டுமே போன விருது. வாங்கிய முதல் பெண் அவர். 2012-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. பட்டம். விருதுகள் வந்தன, கோப்பை மட்டும் வரவில்லை. நம்மில் ஸ்டேட் ரேங்க்கை ஒரு மார்க்கில் விட்டவர்கள் இருக்கிறீர்கள். அந்த ஒரு மார்க் எவ்வளவு காலம் தூங்கவிடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு வேறு பரீட்சை அடுத்த வருடமே வந்தது. உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒரு முறை. இந்த நடுவில் முழங்கால் காயம் வேறு; அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. 30 வயதாகிவிட்டது.

டீச்சர் பக்கம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாணவியின் நாடும் டீச்சரின் நாடும் ஒவ்வொரு வருடமும் மோதிக்கொள்ளும். 1987-இல் தொடங்கி வேல்ஸ் பெண்கள் இங்கிலாந்தை ஒரு முறைகூட வென்றதில்லை. லிசா ஆடிய காலம் முழுக்க அப்படித்தான். அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2009 பிப்ரவரியில், கடைசி நேரப் பெனால்டி ஒன்றை நான் எவன்ஸ் உதைத்து உள்ளே போட, வேல்ஸ் 16-15 என்று வென்றது. ஒரு புள்ளி. 22 வருடம். ('நான்' என்பது அந்தப் பெண்ணின் பெயர், நான் உதைக்கவில்லை.)

2014 உலகக் கோப்பை பிரான்சில். அயர்லாந்து நியூசிலாந்தை 17-14 என்று தோற்கடித்து எல்லாரையும் திகைக்க வைத்தது. அந்த அயர்லாந்தை அரையிறுதியில் இங்கிலாந்து 40-7 என்று நொறுக்கியது. ஆகஸ்ட் 17, பாரிஸ், ஷான் புவாங் மைதானம். எதிரில் கனடா. டேனியல் வாட்டர்மன் முதல் ட்ரை போட்டார். எமிலி ஸ்கேரட் தனியாக 16 புள்ளி எடுத்தார். 21-9. 1994-க்குப் பிறகு, 20 வருடம் கழித்து, இங்கிலாந்துக்குக் கோப்பை. மேகிக்கு அது மூன்றாவது உலகக் கோப்பை.

அன்று கோப்பையைத் தூக்கிய கேப்டன் கேட்டி டேலி-மெக்லீன் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஸ்க்ரம்மில் முன்வரிசையில் முட்டிய சோஃபி ஹெமிங் கால்நடை மருத்துவர். உலகக் கோப்பையை வென்றவர்கள் விடுமுறை முடிந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள்! 15 பேர் ஆடும் ரக்பிக்கு இங்கிலாந்துப் பெண்களுக்கு முழுநேரச் சம்பள ஒப்பந்தம் வந்தது 2019-இல்தான், 28 பேருக்கு. மேகி அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். 74 சர்வதேச ஆட்டங்கள், 28 ட்ரைகள்.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ரியோ ஒலிம்பிக்ஸுக்குப் போகலாம் என்று குண்டு எறிதலில் இறங்கிப் பார்த்தார், தகுதி கிடைக்கவில்லை. 2015 ஆண்கள் உலகக் கோப்பையில் தொலைக்காட்சி விமர்சகராக உட்கார்ந்தார். ஆண்கள் ஆட்டத்தைப் பெண் விமர்சிப்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள்; அவர்களை அவர் சாய்த்திருக்கக்கூடிய விதத்தை மேலே விளக்கிவிட்டேன். 1991 கோப்பையை நடத்திய நால்வரில் ஒருவரான டெபரா கிரிஃபின், 2025-இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அந்த 81,885 பேர் அப்படி வந்தவர்கள்தான்.

உலக ரக்பியில் புகழ் மண்டபம் என்று ஒன்று உண்டு. மேகி அல்ஃபோன்சியின் பெயர் அதில் 2016-இல் சேர்ந்தது. லிசா பர்ஜஸின் பெயர் 2018-இல் சேர்ந்தது. மாணவி முதலில், டீச்சர் இரண்டு வருடம் கழித்து. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்த வரிசைதான் சரி என்பார்கள்.

போன் செய்த மாணவிக்கு: அம்மா, உன் ஹெச்.எம். நம்பரை எனக்கு அனுப்பு. உன் பத்தாம் வகுப்பு பீரியட் பற்றி நானே பேசுகிறேன். பழைய குற்றவாளி பேசினால் ஒருவேளை கேட்பார். அந்தக் கணக்கு டீச்சரிடமும் கொடு. சனிக்கிழமை காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வேண்டுமானால் நான் வந்து எடுக்கிறேன் என்று சொல்லு. ட்ரிக்னாமெட்ரி இன்னும் மறக்கவில்லை.